ஆறு போய்ச் சேரும் ஊர்



விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று கொழும்பிலே இருக்கும் ஒருவரைக் கேட்டால், நுவரெலியா என்பார். ருவான்வெல்லைப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றில் ஒரு பிள்ளையைக் கேளுங்கள். யோசிக்காமல் 'கடல்' என்று சொல்லும். குளிரைத் தேடி மலையேறுகிறவர்கள் எழுதிய பயணக் கட்டுரைகள் நம்மிடம் நிறைய உண்டு. கடலைத் தேடி மலையிறங்குகிறவர்களைப் பற்றிய எழுத்து மிகக் குறைவு. இன்றைய பேச்சு இந்த இரண்டாவது பயணத்தைப் பற்றியது. சப்ரகமுவத் தோட்டமொன்றிலிருந்து புறப்படும் ஒரு குடும்பம் கொழும்பில் எதைப் பார்க்கலாம், எதைச் செய்யலாம், பார்த்ததை எப்படி விளங்கிக்கொள்ளலாம் என்பதைத்தான் உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

முதலிலே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ருவான்வெல்லைக்காரருக்குக் கொழும்பு அந்நிய ஊர் அல்ல. குருகொட ஓயா வந்து களனி கங்கையோடு சேரும் இடத்தை ஒட்டித்தான் ருவான்வெல்லை இருக்கிறது. சிவனொளிபாத மலைப் பக்கத்திலே பிறந்து, கித்துல்கல, எட்டியாந்தோட்டை வழியாக இறங்கி வருகிற அந்த ஆறு, அவிசாவளை, ஹங்வெல்ல, கடுவலை என்று ஓடி, 145 கிலோமீற்றர் நடையை முடித்துக்கொண்டு கொழும்பின் வடக்கு எல்லையிலே கடலில் விழுகிறது. அது விழுகிற இடத்தை ஒட்டிய பகுதிக்குத் தமிழிலே முகத்துவாரம் என்று பெயர். ஆற்றின் வாய் என்று பொருள். பெயரிலேயே நம் ஆற்றை வைத்துக்கொண்டிருக்கும் ஒரு பகுதி அந்த நகரத்திலே இருக்கிறது.

தெருக்கள் சீராவதற்கு முன்னர் இந்த ஆறுதான் தெரு. கூரை வேய்ந்த தட்டைப் படகுகள் கொழும்பிலிருந்து ருவான்வெல்லை வரைக்கும் ஏறி வந்தன. கடற்கரை உப்பு மேலே வந்தது. மலைநாட்டுப் பாக்கும் மிளகும் கீழே போயின. கண்டி இராச்சியத்தின் எல்லைக்குள் போவதற்கு இது ஒரு வாசல் என்பதனால்தான் ஆங்கிலேயர் இங்கே ஒரு கோட்டையைக் கட்டினார்கள். பின்னர் இறப்பரும் தேயிலையும் வந்தபோது ரயில் பாதை வந்தது. 1902 ஆம் ஆண்டு அவிசாவளைக்கும், 1903 ஆம் ஆண்டு எட்டியாந்தோட்டைக்கும் அந்தச் சின்னக் கோச்சி ஓடத் தொடங்கியது. களனிப் பள்ளத்தாக்குக் குறுகிய பாதை என்று அதற்குப் பெயர். இரண்டாவது உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942 இல் அவிசாவளைக்கு அப்பாலிருந்த எட்டியாந்தோட்டைப் பகுதி மூடப்பட்டது. மிச்சமிருந்த பாதை தொண்ணூறுகளில் அகலப் பாதையாக மாற்றப்பட்டு, அவிசாவளையிலிருந்து கொழும்புக்கு இன்றும் ரயில் போகிறது.

இன்னொரு உறவும் உண்டு. கொழும்பு மாநகரத்தின் குடிநீரில் பெரும்பகுதி அம்பத்தளையிலே களனி கங்கையிலிருந்து எடுத்துச் சுத்திகரிக்கப்படுகிறது. கொழும்புக்குப் போய் ஒரு தேத்தண்ணிக் கடையிலே ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்கிறீர்கள் என்றால், அது உங்கள் ஊர் வழியாக வந்த தண்ணீர்தான். தேயிலை மட்டுமல்ல, தண்ணீரும் மேலேயிருந்துதான் போகிறது. 2016 மே மாதத்திலே நமது கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலை சரிந்த அதே நாட்களில், கொழும்புக்கு அருகே கொலன்னாவைப் பகுதி களனி வெள்ளத்திலே மூழ்கிக் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மேலே உள்ளவருக்கும் கீழே உள்ளவருக்கும் துன்பத்திலும் ஆறு பொதுவானது.

இனிப் பயணத்துக்கு வருவோம். எப்போது போவது? வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரையில் தென்மேற்குப் பருவக் காற்றினால் மேற்குக் கரைக் கடல் கொந்தளிக்கும். மார்கழி முதல் பங்குனி வரை கடல் அடங்கியிருக்கும். இறப்பர் மரம் இலையுதிர்ப்பதும் ஏறத்தாழ அந்தக் காலத்திலேதான். தை பிறந்த பின்னர் இலை பழுத்து உதிர, பால் குறையும். மலைக்கு வேலையில்லாத காலத்தில் கடலும் அமைதியாயிருக்கிறது.

ஆனால் விடுமுறை என்ற சொல்லை நாம் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. மாதச் சம்பளக்காரருக்கு விடுமுறை நாளுக்கும் சம்பளம் உண்டு. தோட்டத்திலே நாட்கூலிக்குப் பால் வெட்டுகிறவருக்கு, கடல் பார்க்கப் போன நாளுக்குப் பேர் விழாது. ஒரு குடும்பத்திலே இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பேர் போய்விடும். பஸ் காசையும் சாப்பாட்டுக் காசையும் கணக்குப் பார்க்கும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆகவே தோட்டத்து மனிதர் ஒருவர் தம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்து ஒரு நாள் சும்மா சுற்றிப் பார்க்கிறார் என்றால், அது சின்னக் காரியமல்ல. அந்த நாளை வீணாக்காமல் பயன்படுத்துவதற்கு ஒரு வழியைச் சொல்கிறேன்.

விடிகாலையிலே புறப்பட்டால், ஏறத்தாழ எழுபது கிலோமீற்றர் தூரத்தைக் கடந்து காலையிலேயே நகரத்துக்கு வந்துவிடலாம். ஹங்வெல்ல, கடுவலை வழியாக ஆற்றை ஒட்டி வரும் பழைய பாதையில் வந்தால், ஆறு கொஞ்சம் கொஞ்சமாக அகலமாகி, அவசரம் குறைந்து, கிழவனைப் போல நடப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டே வரலாம்.

காலையிலே கால் களைக்கும் முன்னர் கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போங்கள். ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்திலே, 1877 ஜனவரி முதலாந் திகதி திறந்துவைக்கப்பட்டது. அந்த வெள்ளை மாளிகையைக் கட்டி எழுப்பியவர் வாப்பிச்சி மரிக்கார் என்ற முஸ்லிம் கட்டடக்காரர். கண்டி அரசரின் சிங்காசனத்தையும் முடியையும் எல்லோரும் தேடிப் போய்ப் பார்ப்பார்கள். நீங்களும் பாருங்கள். பொலன்னறுவையில் கிடைத்த நடராசர் முதலான வெண்கலத் திருவுருவங்களையும் பாருங்கள். ஆனால் இலக்கியத்திலே நாட்டமுள்ளவர்கள் ஒரு கல்லின் முன்னே கட்டாயம் நிற்க வேண்டும்.

அது காலி மும்மொழிக் கல்வெட்டு. சீனத் தளபதி செங் ஹோ கொண்டுவந்து நாட்டியது. 1409 ஆம் ஆண்டுத் திகதி கொண்டது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள். சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கும் காணிக்கை சொல்லுகிறது. 1911 இல் காலி நகரத்திலே மதகொன்றுக்கு மூடுகல்லாகக் கிடந்த நிலையில் இதைக் கண்டெடுத்தார்கள். அறுநூறு வருடங்களுக்கு முன்னர் இந்தத் தீவின் கடற்கரையிலே வியாபாரம் பேச வந்த ஒரு வல்லரசு, தமிழிலே எழுதினால்தான் சேரவேண்டியவர்களுக்குச் சேரும் என்று நினைத்திருக்கிறது. நகரத்துக் கடையிலே வாய் திறந்து தமிழ் பேசக் கூச்சப்படும் நம் பிள்ளைகளுக்கு இந்தக் கல்லைக் காட்டுங்கள். தேய்ந்த எழுத்துத்தான். ஆனாலும் எழுத்து எழுத்துத்தான்.

நடுப்பகலுக்குப் புறக்கோட்டை. அங்கே எதையும் வாங்காமல் நடப்பதே ஒரு வேடிக்கை. சிவப்பும் வெள்ளையுமாய்க் கோடு போட்ட செம்பள்ளிவாசல், 1908 இல் தொடங்கி 1909 இல் கட்டி முடிக்கப்பட்டது. அதைத் தாண்டிச் செட்டியார் தெருவுக்கு வந்தால், இரண்டு பக்கமும் நகைக்கடைகளும், நடுவே கதிரேசன் கோயில்களும். ஆடிவேல் விழாக் காலத்தில் வந்தால் இங்கிருந்து தேர் புறப்படுவதைக் காணலாம். அந்தக் கடைகளுக்குள்ளே நிற்கும் பையன்களின் முகத்தையும் கொஞ்சம் பாருங்கள். துணியை விரித்துக் காட்டுகிறவன், மூட்டை சுமக்கிறவன், சாப்பாட்டுக் கடையிலே மேசை துடைக்கிறவன் என்று பேச்சுக் கொடுத்துப் பார்த்தால், பலர் எட்டியாந்தோட்டை என்பார்கள், தெரணியகலை என்பார்கள், அட்டன் என்பார்கள். நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் கொழும்பை முதன்முதலாகப் பார்த்தது விடுமுறைக்கு வந்தல்ல, வேலைக்கு வந்துதான். மாளிகைகளின் குசினிகளிலே நம் பெண்பிள்ளைகள் நின்றிருக்கிறார்கள். கடலுக்கு அரை மைல் தூரத்தில் வருடக்கணக்காய் இருந்தும் கடலைப் பார்க்காத பிள்ளைகளும் அவர்களுக்குள்ளே உண்டு. ஒரு சொந்தக்காரப் பையன் அப்படிக் கடையிலே நின்றால், முதலாளியிடம் சொல்லி ஒரு மாலைப் பொழுது அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் பயணத்திலே அதைவிட நல்ல காரியம் வேறு இராது.

பிற்பகலில் வடக்கே போகலாம். கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பொன்னம்பலவாணேசர் கோயில் முழுவதும் கருங்கல். பொன்னம்பல முதலியார் 1857 இல் எழுப்பிய கோயிலை, அவர் மகன் சேர். பொன். இராமநாதன் 1907 முதல் 1912 வரையில் கருங்கல்லிலே புதுக்கினார். வெளியே வெயில் எரித்தாலும் உள்ளே கல் குளிர்ந்திருக்கும். அங்கிருந்து நடக்கிற தூரத்திலே கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் கோயில். செவ்வாய்க்கிழமைகளில் அங்கே மெழுகுதிரி ஏற்ற வருகிறவர்களில் இந்துவும் பௌத்தரும் உண்டு. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று நடந்த குண்டுவெடிப்பிலே அங்கே உயிரிழந்தவர்களை நினைத்து ஒரு நிமிடம் நில்லுங்கள். பிறகு முகத்துவாரம். காளி கோயிலைக் கும்பிட்டுவிட்டு, காக்கைதீவுக் கடற்கரைப் பக்கம் போனால் ஆறு கடலோடு கலக்குமிடம் அருகிலே இருக்கிறது. அழகுபடுத்தப்பட்ட இடம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் ருவான்வெல்லைப் பிள்ளை பார்க்க வேண்டிய இடம் அது. செம்மண் கலந்த ஆற்றுத் தண்ணீரும் பச்சைக் கடலும் கொஞ்ச தூரம் கலக்காமலே போவதைப் பார்க்கலாம்.

இரண்டாவது நாள் தங்க முடிந்தவர்களுக்குத் தெற்குத் திசை இருக்கிறது. கோட்டையிலிருந்து கல்கிசை வரை கரையோர ரயிலில் போங்கள். வலப்பக்க ஜன்னலில் இடம் பிடியுங்கள். அலைத் திவலை கைக்கு எட்டும் போலிருக்கும். இவ்வளவு குறைந்த காசுக்கு இவ்வளவு கடலை வேறு எங்கும் பார்க்க முடியாது. சிறுவர்களுக்குத் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை. வாசிப்பவர்களுக்கு வெள்ளவத்தையிலே கொழும்புத் தமிழ்ச் சங்கமும் அதன் நூலகமும். 1942 இல் தொடங்கிய சங்கம் அது.

கொழும்பின் கடற்கரையில் தங்கிப்போன வெளிநாட்டு எழுத்தாளர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ருஷ்ய எழுத்தாளர் செக்கோவ், சகலின் தீவிலே கைதிகளின் வாழ்க்கையை ஆராய்ந்துவிட்டுத் திரும்பும் வழியில் 1890 நவம்பரில் கொழும்புக்கு வந்தார். துறைமுகத்தருகே உள்ள கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டலில் தங்கினார். இந்தத் தீவைச் சொர்க்கம் என்று எழுதினார். போகும்போது கீரிப்பிள்ளை வாங்கிக்கொண்டு போனார். 1929 இல் சிலி நாட்டின் தூதரகப் பிரதிநிதியாக வந்து, வெள்ளவத்தைக் கடலோரத்தில் வாழ்ந்தவர் கவிஞர் பாப்லோ நெரூடா. அவரும் ஒரு கீரிப்பிள்ளை வளர்த்தார். 1971 இல் நோபல் பரிசு பெற்ற மகாகவி. தமிழிலே அவரை மொழிபெயர்த்துக் கொண்டாடுகிறோம்.

ஆனால் அவர் இறந்த பின்னர் 1974 இல் வெளிவந்த அவருடைய நினைவுக் குறிப்புகளிலே ஒரு பக்கம் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் மலக்கூட வாளியை எடுத்துப்போக வந்த ஒரு தமிழ்ப் பெண்ணைப் பற்றியது அது. அவளுடைய விருப்பமில்லாமலே ஒரு காலையில் தாம் அவளைக் கையைப் பிடித்து இழுத்துச் சென்றதை அவரே எழுதி வைத்திருக்கிறார். அவள் பெயர் அங்கே இல்லை. அவள் ஒரு வார்த்தை பேசியதாகவும் இல்லை. நகரத்தைத் துப்புரவாக வைப்பதற்கென்று தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்கள் கூட்டத்தின் மகள் அவள். நம் தோட்டங்களுக்கு வந்தவர்களும் அவர்களும் ஒரே கடலைக் கடந்தவர்கள். சிங்களத் திரைப்பட நெறியாளர் அசோக ஹந்தகம இந்தச் சம்பவத்தை வைத்து 2021 இல் 'அல்போராதா' என்ற படத்தை எடுத்தார். நெரூடாவைப் படிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வெள்ளவத்தைக் கடற்கரையிலே நின்று கவிஞர் வாழ்ந்த திசையைக் காட்டும் எவரும், வாளியோடு வந்து போன அந்தப் பெண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

மாலைக்குக் காலிமுகத்திடல். அந்தக் கடலோர நடைபாதை ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்திலே 1856 இல் தொடங்கி 1859 இல் முடிந்தது. நகரத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்று கல்லிலே எழுதி வைத்துவிட்டுப் போனார். அப்போது அவர் நினைத்த பெண்களும் குழந்தைகளும் யாரோ. இன்று பால்வாளி சுமந்த கைகளும் அங்கே இஸ்ஸோ வடை வாங்குகின்றன, பட்டம் விடுகின்றன. கடலிலே இறங்கிக் குளிக்க வேண்டாம், அலை பொல்லாதது. கால் நனைத்தால் போதும். வடக்கே பார்த்தால் முன்பு கடலாய் இருந்த இடத்திலே, 2014 இல் தொடங்கி 269 ஹெக்டயர் நிலம் நிரப்பப்பட்டுத் துறைமுக நகரம் எழுகிறது.

அந்தத் திடலுக்கு வேறொரு சரித்திரமும் உண்டு. 1956 யூன் 5 ஆம் திகதி தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராகத் தமிழ்த் தலைவர்கள் சத்தியாக்கிரகம் இருந்து அடிபட்டது அங்கேதான். 2018 ஒக்டோபர் 24 இல் கறுப்புடை அணிந்த மலையக இளைஞர்கள், தோட்டத் தொழிலாளருக்கு நாளொன்றுக்கு ஆயிரம் ரூபா கேட்டு ஆயிரக்கணக்கில் கூடியதும் அங்கேதான். 2022 இல் நாடே அங்கே வந்து குடியிருந்தது. ருவான்வெல்லைக்கும் அந்த நகரத்து அரசியலுக்கும் பழைய தொடர்பு உண்டு. 1936 இல் ருவான்வெல்லைத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போன கலாநிதி என். எம். பெரேரா, 1954 இல் கொழும்பின் மேயரானார். தோட்டத் தொழிலாளரின் குடியுரிமையைப் பறித்த 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்த இடதுசாரிகளில் அவர் ஒருவர். இந்தப் பக்கத்துத் தோட்டங்களிலே பழைய ஆட்களில் பலர் கடலை முதலில் கண்டது மே தின ஊர்வலத்துக்குப் போன நாளில்தான்.

நம் பழைய இலக்கணக்காரர் நிலத்தை ஐந்தாகப் பிரித்தபோது, மலைக்குக் குறிஞ்சி என்றும் கடற்கரைக்கு நெய்தல் என்றும் பெயர் வைத்தார்கள். குறிஞ்சிக்கு உரிய உணர்ச்சி கூடல். நெய்தலுக்கு உரியது இரங்கல். நேரம், பொழுது சாயும் வேளை. காலிமுகத்திடலிலே சூரியன் இறங்கும்போது நம் வீட்டுப் பெரியவர்கள் சிலர் ஏன் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள் என்பதற்கு அந்த இலக்கணத்திலே விடை இருக்கிறது. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்தவர்களும், தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்பிலே இறங்கியவர்களுமாய் நம் முன்னோர் வந்தார்கள். 1964 இல் இரண்டு பிரதமர்கள் கையெழுத்திட்டார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தார்கள். அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்றானது. அழுகைக் கோச்சி என்று மலையகம் பெயர் வைத்த ரயில் தலைமன்னாருக்குப் போய்க்கொண்டேயிருந்தது. யுத்தத்தினால் 1984 இல் அந்தக் கப்பற் போக்குவரத்து நின்றது. ஆகவே நமக்குக் கடல் வெறும் வேடிக்கையல்ல. நம்முடைய சொந்தக்காரரில் பாதிப் பேர் இருக்கும் திசைக்குக் குறுக்கே கிடக்கும் தண்ணீர் அது.

இதையெல்லாம் சொல்லிப் பிள்ளைகளின் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். முதலில் அவர்கள் ஓடட்டும், நனையட்டும், சோளப்பொத்தி கடிக்கட்டும். களைத்துப்போய் வந்து பக்கத்திலே உட்காரும்போது, பாட்டனும் பாட்டியும் எந்த வழியாய் வந்தார்கள் என்று ஐந்து நிமிடம் சொன்னால் போதும். கடல் முன்னே இருக்கும்போது அந்தக் கதைக்குப் படம் தேவையில்லை.

திரும்பும்போது சிலர் ஒரு போத்தலிலே கடல் தண்ணீர் அள்ளிக்கொண்டு போய், வீட்டுக்குக் கண்ணூறு படாமலிருக்கத் தெளிப்பார்கள். நல்ல வழக்கம்தான். ஆற்றை அனுப்பி வைத்த ஊருக்குக் கொஞ்சம் கடல் திரும்பி வருவது நியாயம்தானே. கடைசி பஸ்ஸைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாள் விடிய மழையில்லாவிட்டால் பால் வெட்டு இருக்கும்.